இலையும் வேரும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்குச் செல்லும் பேருந்தில் பயணம் செய்துகொண்டிருந்தேன். நமுனுகுல மலை பாதி உடலை முகிலுக்குள் மறைத்துக்கொண்டு நின்றது. பசறையைக் கடந்து பாதை மேலேறத் தொடங்கியதும், சரிவு ஒன்றில் பச்சை என்பதே இல்லாமல், முழங்காலளவில் வெட்டுண்ட குச்சிகளாகவே ஒரு மலை முழுவதும் காட்சியளித்தது. என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் கொழும்பிலிருந்து உறவினரைக் காண வந்த இளைஞர். அவர் அதைக் கண்டு திடுக்கிட்டு, "இந்தத் தோட்டத்தையும் கைவிட்டுவிட்டார்களா, ஐயா?" என்று வினவினார்.

"கைவிடவில்லை, தம்பி, கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள். சில மாதங்கள் கழித்து இதே வழியாக வந்து பாருங்கள்" என்றேன்.

அந்த இளைஞருக்கு விடை சொல்வது எளிதாக இருந்தது. என் சட்டைப் பையில் இருந்த கடிதத்துக்கு என்ன விடை சொல்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தை எழுதியவள், நான் ஓய்வு பெறுவதற்குமுன் இறுதியாகக் கற்பித்த வகுப்பில் இருந்த ஒரு மாணவி. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தாய் கொழுந்து பறிக்கிறாள். தந்தை கவ்வாத்து வெட்டுகிறவர். க.பொ.த. உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் அவள் இருமுறை எழுதிவிட்டாள். இருமுறையும் சித்தி பெற்றாள். ஆனால் பல்கலைக்கழகத்துக்குரிய வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறை எழுதுவதையே நம் நாட்டில் கணக்கில் கொள்வர். ஆகவே எஞ்சியிருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. "மூன்றாம் முறையும் எழுதட்டுமா, சேர்? அல்லது இத்தோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போகட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்" என்று முடித்திருந்தாள். அந்தக் கடைசி வாக்கியமே என்னை வீட்டில் இருக்கவொட்டாமல் பேருந்தில் ஏற்றிவிட்டது.

ஆசிரியர்களாகிய நமக்கு இத்தகைய வினாவுக்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு. "முயன்றால் முடியாதது இல்லை" என்போம். துணைக்கு வள்ளுவரை அழைப்போம். ஆள்வினையுடைமையைக் கரும்பலகையில் எழுதாத தமிழாசிரியர் யார்? ஆனால் அந்த அதிகாரத்துக்கு வெகு முன்னதாகவே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அவர் வரிசையாக வைத்திருக்கிறார் என்பதை நாம் நினைப்பதில்லை. அறிய வேண்டியவற்றை அறிந்த பின்னரே விடாமுயற்சி என்பது அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. நாமோ முன்னவற்றைத் தள்ளிவிட்டுப் பின்னதை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறோம்.

நானும் அப்படிக் கொடுத்தவன்தான். பல ஆண்டுகளுக்குமுன் கணிதப் பிரிவில் இருமுறை தவறிய ஒரு மாணவன் என்னிடம் வந்தான். நான் கற்பித்தது தமிழும் வரலாறும். அவன் தவறியதோ பௌதிகவியலில். அவன் விடைத்தாள் எப்படியிருந்தது, எந்தப் பகுதி அவனுக்கு எட்டவில்லை என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்து, "மூன்றாம் முறையும் எழுது, விட்டுவிடாதே" என்றேன். அவனுடைய அக்காள் கொழுந்து பறித்த காசில் இன்னோர் ஆண்டு கழிந்தது. மூன்றாம் முறை பெறுபேறு முன்னையதிலும் தாழ்ந்தது. பின்னர் கொழும்பில் ஒரு கடையில் அவனைக் கண்டேன். தேநீர் வருவித்துக் கொடுத்துவிட்டு, "உங்கள் வார்த்தை தைரியம் தந்தது, சேர். ஆனால் எனக்கு எங்கே விளங்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை" என்றான். குற்றம் சாட்டும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு காலம் என் நெஞ்சில் அது தங்கியிராது.

பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. மடுல்சீமை என்ற பெயர்ப் பலகையைக் கண்டதும் என் மனம் அந்த ஊரின் பழங்கதைக்குச் சென்றது. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தத் தெரியாமல் ஒரு நாடே முயன்று அழிந்த கதை இந்த மலையிலேதான் தொடங்கிற்று.

இன்று தேயிலை நிற்கும் இச்சரிவுகளில் அன்று நின்றது கோப்பி. 1869ஆம் ஆண்டு, மடுல்சீமைத் தோட்டமொன்றில் சில கோப்பிச் செடிகளின் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் அதிபராயிருந்த துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பார்க்லி என்ற பூஞ்சண இயல் அறிஞர் ஆராய்ந்து, இதுவரை அறியப்படாத ஒரு பூஞ்சணம் என்று கண்டு, அதே ஆண்டில் அதற்குப் பெயரும் சூட்டினார். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்பது அப்பெயர். பின்சொல்லுக்குப் பாழாக்குவது என்று பொருள். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது. ஆனால் தோட்டத்துத் துரைமார் அஞ்சவில்லை.

ஏன் அஞ்சவில்லை என்பதில்தான் நமக்குரிய பாடம் இருக்கிறது. நோய் கண்ட கோப்பிச் செடி உடனே சாவதில்லை. இலையெல்லாம் உதிரும், பார்ப்பவர் நெஞ்சம் பதறும். பின்னர் மழை வரும். செடி மீண்டும் பச்சையாய்த் தளிர்க்கும். "பிழைத்துவிட்டது" என்று துரைமார் நிம்மதி கொள்வர். மறுபடியும் இலை உதிரும், மறுபடியும் தளிர்க்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் புதிய இலைகளை உண்டாக்குவதற்குச் செடி தன் சேமிப்பையே எடுத்துச் செலவிட்டது. காய்க்கு ஊட்ட வேண்டிய உணவு இலைக்கே போயிற்று. வெளியே தளிர், உள்ளே வறுமை. தளிரை அவர்கள் கண்டார்கள், வறுமையைக் காணவில்லை.

இதற்குச் சந்தையும் துணை போயிற்று. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் குறைந்தபோதும், விலையின் ஏற்றம் அந்தக் குறைவை மறைத்துவிட்டது. குறைந்த விளைச்சலை ஈடு செய்யப் புதிய காடுகளை அழித்து மேலும் கோப்பியே நட்டார்கள். நோய் கண்டு ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின், 1878 அளவில், இலங்கையில் கோப்பி நின்ற நிலம் சுமார் 275,000 ஏக்கர்! ஒரு பிழையை அதே பிழையைக் கொண்டே திருத்த முனைந்தார்கள். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார்கள். எருவை அள்ளிக் கொட்டினார்கள். முயற்சிக்கு அங்கே குறைவேயில்லை.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆய்வாளர் இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் இந்நோயை ஆராய்ந்தார். கண்ணாடித் தகடுகளில் பசையைத் தடவித் தோட்டங்களில் வைத்து, பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் வந்து படிவதைக் காட்டினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதால் அந்த வித்துகளுக்குத் தடையில்லாத பாதை அமைந்துவிட்டது என்று விளக்கினார். அவரிடமிருந்து மருந்தை எதிர்பார்த்தவர்களுக்கு மருந்து கிடைக்கவில்லை. உண்மை மட்டும் கிடைத்தது. அது வேண்டியிருந்த காலம் அதற்குள் கடந்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. தோட்டங்கள் சொற்ப விலைக்குக் கைமாறின. கூலி பாக்கியோடு எத்தனையோ தொழிலாளர் வெறுங்கையராய் நின்றனர். துரைமார் காலந்தாழ்த்தியதற்கு விலை கொடுத்தவர்களில் அவர்களுடைய கணக்கை எழுதி வைத்தவர் யாருமில்லை.

ஆயினும் நிலம் கைவிடப்படவில்லை. கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர், நோய் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி சரிந்தபோது பலர் முதலில் ஓடியது கொய்னா மரத்துக்கு. எல்லாரும் ஒன்றாய் ஓடியதால் கொய்னாப் பட்டை மலிந்து, விலை வீழ்ந்து, அதுவும் பொய்த்தது. பிறகே தேயிலை. 1890களின் இறுதிக்குள் தேயிலை நிலம் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் லிப்டன் வந்து தோட்டம் வாங்கியது 1890இல். அவர்கள் விட்டது கோப்பியை. மண்ணையும் மழையையும் மலையையும் அல்ல. கோப்பியோடு மலையையும் விட்டிருந்தால் ஊவாத் தேயிலை என்ற ஒன்றை உலகம் அறிந்திராது.

இப்படி எண்ணிக்கொண்டு வந்தபோது, அப்படியானால் காலத்தே நிறுத்துவதுதான் அறிவுடைமையோ, அந்தப் பெண்ணிடம் அதைத்தான் சொல்ல வேண்டுமோ என்று மனம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. ஆனால் நம் மலையகத்தின் இன்னொரு கதை குறுக்கே வந்து நின்றது. அதுவும் கோப்பியின் வீழ்ச்சியிலிருந்து கிளைத்த கதையே.

கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்கள் காய் பறித்து முடித்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும்; ஆகவே குடும்பத்தோடு லயத்தில் தங்க வேண்டியதாயிற்று. அவ்வாறு தங்கி, இங்கேயே பிறந்து, இங்கேயே மண்ணாகியவர்களின் மக்களைத்தான் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு வேட்பாளரைப் பாராளுமன்றம் அனுப்பிய தொகுதிகளுள் பதுளையும் ஒன்று. 1952 தேர்தலிலோ அந்தக் காங்கிரசுக்கு எங்குமே ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. வாக்குரிமை பறிபோயிருந்தது.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் தொகை ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாய்ப் பிரித்தார்கள். உறவுகள் அறுந்து இலட்சக்கணக்கானோர் கப்பல் ஏறினர். 1988இல் ஒரு சட்டம் வந்தது. எஞ்சியிருந்தோருக்கும் வழி திறந்த சட்டம் 2003இல் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! என் சிற்றப்பாவின் தகரப் பெட்டியில் மூன்று தலைமுறையின் விண்ணப்பப் படிவங்களும் மறுப்புக் கடிதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. 2003க்குப் பின்னரே அவர் குடிமகனானார். இடையில் யாராவது அவரிடம் "நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று அறிவுரை கூறியிருந்தால், அது எவ்வளவு பெரிய அநியாயமாயிருந்திருக்கும்!

ஒரே மலையில் இரண்டு விடாமுயற்சிகள். ஒன்று அழிவில் முடிந்தது, மற்றொன்று வென்றது. இரண்டிலும் தோல்வி அடுத்தடுத்து வந்தது. இரண்டிலும் "இன்னும் ஒருமுறை" என்றே சொன்னார்கள். அப்படியிருக்க, வேறுபாடு எங்கே? இந்த வினாவோடுதான் பேருந்திலிருந்து இறங்கினேன்.

விடை லயத்து வாசலில் கிடைத்தது. சொன்னவர் மாணவியின் தந்தை.

"வாங்க, வாத்தியார் ஐயா" என்று பாய் விரித்து உட்கார வைத்தார்கள். தாய் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ கொண்டுவந்தாள். பேச்சு எங்கே தொடங்குவது என்று தெரியாமல், வழியில் கண்ட கவ்வாத்து மலையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. தொழில் தெரிந்தவரிடம் தொழிலைப் பற்றிக் கேட்பதைப்போல் அவருக்கு மரியாதை வேறில்லை.

"நாலு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெட்டுறதுங்க, ஐயா. வெட்டாட்டி மரமாப் போயிடும், கொழுந்து வராது. ஆனா நெனச்ச நேரம் கத்தி வைக்க முடியாது. முந்தியே வேரைத் தோண்டிப் பாக்கணும்" என்றார்.

"வேரையா? வெட்டுவது கிளையைத்தானே?"

"கிளையில என்னங்க இருக்கு? பென்சில் கனத்துக்கு ஒரு வேரை வெட்டி எடுப்பாங்க. வெட்டுவாயில ஒரு மருந்துத் தண்ணியத் தடவுவாங்க. கறுநீலமா மாறுனா உள்ள சத்து இருக்கு. வெட்டலாம், திரும்பத் துளிர்க்கும். நிறம் மாறாட்டி வெட்டக் கூடாது. கொழுந்து பறிக்கிறத நிப்பாட்டி, சில கிழமைக்குச் செடியைச் சும்மா விடணும். அப்புறம்தான் கத்தி. மேல பாத்தா ரெண்டு செடியும் ஒரே பச்சையாத்தான் தெரியும், ஐயா."

அந்த மருந்துத் தண்ணீர் அயடீன் கரைசல் என்பதையும், அது மாப்பொருளைத் தொட்டால் கறுநீலமாகும் என்பதையும் விஞ்ஞான ஆசிரியர்கள் அறிவார்கள். இலை முழுவதையும் இழந்த செடி, மறுபடி இலை விடும்வரை உயிர் வாழ்வது வேரில் சேர்த்துவைத்த அந்த மாப்பொருளைக் கொண்டே. சில தோட்டங்களில் ஓரிரு கிளைகளை இலையோடு வெட்டாமல் விடுவதும் உண்டு. செடி மூச்சுவிட அது உதவும். துரைமார் கோப்பியில் காணத் தவறியதை, இந்தக் கவ்வாத்துக்காரர் தேயிலையில் நாள்தோறும் காண்கிறார். தளிர்த்துக்கொண்டே உள்ளே வற்றுவதும் உண்டு. மொட்டையாய் நின்றுகொண்டே உள்ளே நிறைந்திருப்பதும் உண்டு. நாடற்றவர் என்று எழுதப்பட்ட அந்த மக்களின் நிலை பின்னது. பத்திரம் இல்லை, ஆனால் பிறப்பும் உழைப்பும் உறவும் இந்த மண்ணுக்குள் ஆழ இறங்கியிருந்தன. மேலும் அவர்கள் ஒரே விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. சத்தியாக்கிரகம், தொழிற்சங்கம், பேச்சுவார்த்தை, வாக்கு என்று வழியை மாற்றி மாற்றி நடந்தார்கள்.

நான் மாணவியைப் பார்த்தேன். "எழுது" என்றும் சொல்லவில்லை. "நிறுத்து" என்றும் சொல்லவில்லை. "மகள், இரண்டு முறையும் வந்த பெறுபேற்றுத் தாள்களையும் உன் கொப்பிகளையும் கொண்டு வா" என்றேன்.

கொண்டுவந்து பாயில் பரப்பினாள். முதல் முறை உயிரியல் சி, பௌதிகவியல் எஸ், இரசாயனவியல் எஸ். இரண்டாம் முறை உயிரியல் பி, பௌதிகவியல் சி, இரசாயனவியல் மீண்டும் எஸ். இரண்டு பாடங்கள் ஏறியிருக்கின்றன. ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரசாயனவியல் கொப்பியைப் புரட்டினேன். முற்பகுதியில் கையெழுத்து நிதானமாக இருந்தது. நடுவில் ஓரிடத்துக்குப் பின் பக்கம் பக்கமாகப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய வரிகள். திருத்திய சிவப்பு மை எங்கும் இல்லை.

"எங்கே விளங்காமல் போயிற்று?" என்று கேட்டேன்.

அவள் அந்த நடுப்பக்கத்தில் விரலை வைத்தாள். "இங்கே, சேர். அதோடு டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு ஒருவரும் வரவில்லை. நானே வாசித்து வாசித்துப் பார்த்தேன்."

ஓர் ஆசிரியர் இல்லாத பாடத்தை இரண்டு ஆண்டுகளாகத் தனியே முட்டிப் பார்த்திருக்கிறாள். அதைத் தன் மூளையின் குறை என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் முறையும் அதே அறையில், அதே கொப்பியோடு, அதே விதமாக எழுதினால் விளைவு மாறுவதற்குக் காரணமில்லை. அது கோப்பிக்கு மேல் கோப்பி நட்ட கதையாகிவிடும். ஆனால் மற்ற இரண்டு பாடங்களைப் பார்த்தவர், அவளைத் தேறாதவள் என்று சொல்ல மாட்டார்.

அன்று மாலைவரை நால்வரும் பேசினோம். அவளே முடிவு கட்டினாள். சனி ஞாயிறுகளில் பதுளைக்குச் சென்று, இரசாயனவியலை அந்த நடுப்பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்குவது. பழைய மாணவர் ஒருவர் பதுளையில் அப்பாடம் கற்பிக்கிறார், அவரிடம் பேசுவது என் பொறுப்பு. நான்கு மாதம் கழித்து, கடந்தகால வினாத்தாள்களை அவர் முன்னிலையில் எழுதிப் பார்ப்பது. ஏற்றம் தெரிந்தால் பரீட்சை. தெரியாவிட்டால் மனக்கசப்பின்றி அந்த வழியை விட்டு, இப்போதுள்ள பெறுபேற்றைக் கொண்டு சேரக்கூடிய வேறு கற்கைநெறியில் சேர்வது. அதற்கான விண்ணப்பங்களையும் இப்போதே வாங்கி வைப்பது. தந்தை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதுதாங்க, ஐயா, ஒரு கிளைய மூச்சுக்கு விட்டு வைக்கிறது" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

அவள் வெல்வாளா என்பதை இன்று நான் அறியேன். பல்கலைக்கழகம் புகுந்தால் மகிழ்வேன். புகாவிட்டாலும் அவளுக்கு வழி அடைபட்டுவிடாது. ஒன்று மட்டும் உறுதி: எந்த முடிவுக்கு வந்தாலும், எதனால் வந்தோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பையனுக்கு நான் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

மாலைப் பேருந்தில் இறங்கி வந்தபோது கவ்வாத்து மலையில் வெயில் சாய்ந்திருந்தது. காலையில் வந்த இளைஞரைப்போல் நானும் அக்குச்சிகளை உற்றுப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை ஒன்றும் சொல்வதில்லை. பதுளையை அடைந்ததும் முதல் வேலையாகக் கொழும்புக் கடையில் இருக்கும் அந்தப் பழைய மாணவனுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவனுக்கு இப்போது பள்ளி செல்லும் மகன் இருக்கிறான். "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டேன். "கணக்கில் கொஞ்சம் பின்தங்குகிறான், சேர்" என்றான்.

"எங்கே விளங்கவில்லையாம்?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவன், "இருங்கள் சேர், கொப்பியை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன்" என்றான்.